புக்கிட் தெங்கா பட்டறையில் ஒரு பித்தளைக் குப்பி

பட்டர்வொர்த்தில் கொம்முட்டர் ரயில் ஏறி உட்கார்ந்தால், கைப்பேசியில் இரண்டு செய்தி படிப்பதற்குள் முதல் நிலையம் வந்துவிடும். அதுதான் புக்கிட் தெங்கா. அடுத்தது புக்கிட் மெர்தாஜாம். சுற்றுப்பயணிகள் யாரும் இங்கே இறங்குவதில்லை. பினாங்கு என்றால் அவர்களுக்குத் தீவுதான். கோம்தார், நாசி கண்டார், சுவர் ஓவியம். பெருநிலத்தில் இருக்கும் நம்மை 'அந்தப் பக்கம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். போகட்டும்.

புக்கிட் தெங்கா என்றால் நடுக் குன்று என்று பொருள். ஊர்ப் பெயரில் குன்று இருந்தாலும் இன்று ஊரைத் தாங்கி நிற்பது தொழிற்பேட்டைதான். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் இங்கே உண்டு. நான் வானொலிக்காரன். எந்த ஊரையும் முதலில் காதால்தான் பார்ப்பேன். புக்கிட் தெங்காவின் ஓசை, இரும்பை இரும்பு சீவும் ஓசை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கும்போது தூரத்தில் ரயில் போவது கேட்கும்.

அப்படி ஒரு பட்டறை வைத்திருக்கிறார் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். வயது ஐம்பத்தைந்து. முடியின் கனத்தில் பாதி அளவு பிசகினால்கூடத் திருப்பி அனுப்பிவிடும் ஆலைகளுக்குப் பொருள் செய்து கொடுப்பவர். இரவில் அவர் பார்ப்பது சினிமா இல்லை; பழைய பொருள்களைப் புதுப்பிக்கும் காணொளிகள். துருப்பிடித்த ராணுவத் துப்பாக்கியை யாரோ ஓர் அமெரிக்கர் மலிவாக வாங்கி, சமையலறை மேசையிலேயே வைத்துச் சரிசெய்வதை ஒருநாள் எனக்குக் காட்டினார்.

"இதுக்கு ஏன் தம்பி இவ்வளவு அலட்டல்? நம்ம கையில குடுத்தா ஒரு வாரம். ஐந்நூறு வெள்ளிகூட ஆகாது."

ஆகாதுதான். ஆனால் இந்த நாட்டில் அது நடக்காது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. முழுத் துப்பாக்கி என்றில்லை, அதன் உறுப்புகளும் சட்டத்தின் கண்ணுக்கு ஆயுதம்தான். 1971ஆம் ஆண்டில் வந்த இன்னொரு சட்டம் தண்டனையைக் கூட்டியது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை. ஆறுக்குக் குறையாத பிரம்படி. தாத்தா காலத்து இரும்பு, சுடவே சுடாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். பழைய தோட்டத்து மண்ணைத் தோண்டும்போது அப்படி எதுவும் கிடைத்தால் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்வதுதான் ஒரே வழி. உள்ளே தோட்டா இருக்கலாம்.

இந்தச் சட்டத்தின்மேல் எனக்கு வருத்தம் இல்லை. துப்பாக்கியைத் தாராளமாக விற்கும் நாடுகளின் செய்திகளை வாரம் தவறாமல் படிக்கிறேன். அண்ணனுக்கும் வருத்தம் இல்லை. அவருக்கு வேண்டியது துப்பாக்கி அல்ல என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவர் காட்டிய காணொளியில் இருந்தது லீ என்ஃபீல்டு. நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் 'திரி நாட் திரி'. குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் 0.303 பங்கு, அதனால் அந்தப் பெயர். லீ என்பவர் இயக்க அமைப்பை வடிவமைத்தவர், என்ஃபீல்டு லண்டனுக்கு வடக்கே ஆலை இருந்த இடம். பத்துத் தோட்டா பிடிக்கும். எடை ஏறக்குறைய 4 கிலோ. பிரிட்டிஷ் பேரரசு எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இதுவும் போனது. இங்கிலாந்தில் மட்டும் செய்யவில்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இஷாப்பூர், ஆஸ்திரேலியாவில் லித்கோ என்று ஆலைகள் இருந்தன. இந்தியாவில் காவல்துறையினர் தோளில் பல தலைமுறை தொங்கியது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது. நம் ஊரில் பார்க்க வேண்டுமானால் போர்ட் டிக்சன் ராணுவ அருங்காட்சியகம் மாதிரி இடங்களில் கண்ணாடிக்குப் பின்னால்தான்.

உரிமத்தோடு இந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள முடிகிற நாடுகளில், குறைந்த செலவில் புதுப்பிப்பது என்பது ஒரு தனிக் கலை. அதைப் பற்றி அண்ணனோடு நான் பேசிய மணிநேரங்களைச் சேர்த்தால் ஒரு வார நிகழ்ச்சிக்குத் தேறும். போர் முடிந்த பிறகு உபரியாகிப்போன இத்துப்பாக்கிகளை அமெரிக்காவில் அஞ்சல் வழியாகக்கூட மலிவாக விற்றார்கள். வாங்கியவர்கள் மான் வேட்டைக்குக் கனமாக இருக்கிறது என்று முன்பக்க மரத்தை ரம்பம் போட்டு அறுத்து எறிந்தார்கள். இன்று அவர்களின் பேரன்கள் அதைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவர நினைக்கும்போது, அறுத்து எறிந்த அந்த மரத்துக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது. மரத்தின் விலை சில சமயம் துப்பாக்கியின் விலையைத் தொட்டுவிடும்.

மற்ற வேலைகளுக்குப் பணம் அவ்வளவு வேண்டாம், பொறுமை வேண்டும். மரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியை அதன்மேல் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால் ஆவி ஏறி மரநார் எழும்பும். பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாகக் கையால் தேய்க்க வேண்டும். வார்னிஷ் கூடாது. இரும்பில் சிவப்புத் துரு இருந்தால் அதைச் சுரண்டாமல், கொதிநீரில் போட்டு எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. சிவப்புத் துரு கறுப்பாக மாறும். அந்தக் கறுப்பு இரும்பைக் காக்கும், சிவப்பு அரிக்கும். இதைச் சொன்னதும் அண்ணனின் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருடம் துருவோடு சண்டை போட்ட மனிதர்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கையில் பணம் உள்ளவன்தான் பழைய துப்பாக்கியைக் கெடுக்கிறான். மரத்தை உப்புத்தாள் போட்டு இழைத்து, இரும்பைப் பளபளவென்று மெருகேற்றி, புதுச் சாயம் கொடுத்துவிடுவான். அதோடு மரத்திலும் இரும்பிலும் அடித்திருந்த முத்திரைகள் போய்விடும். எந்த ஆலை, எந்த ஆண்டு, எந்த அரசுக்குச் சொந்தம் என்பதெல்லாம் அந்த முத்திரையில்தான் இருக்கிறது. அகன்ற தலையுள்ள ஓர் அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசின் உடைமை. அதோடு ஆங்கில 'ஐ' எழுத்தும் இருந்தால் இந்திய அரசின் உடைமை. பணம் இல்லாதவன் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்வான். முத்திரை பிழைக்கும்.

இவ்வளவும் பேசிய பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு பித்தளைக் குப்பி. விரல் நீளம், கட்டைவிரல் பருமன். பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மூடி இறுகிப் போயிருந்தது.

"அம்மாவோட தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி. சின்ன வயசிலேருந்து பார்க்கிறேன். என்னன்னு அந்தக் காணொளியிலதான் தெரிஞ்சுது."

லீ என்ஃபீல்டின் அடிக்கட்டையில் ஒரு சிறு கதவு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே ஒரு குழி. சிப்பாய் துப்பாக்கியைத் துடைப்பதற்கு வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கும்: குழலுக்குள் விட்டு இழுக்க ஒரு முனையில் பித்தளைக் கட்டி கோத்த கயிறும், இந்த எண்ணெய்க் குப்பியும். மூடியைத் திருகி எடுத்தால் அதோடு ஒட்டிய சின்னக் கரண்டி ஒன்று வெளியே வரும். அதில் தொட்டு எண்ணெய் விடுவார்கள். துப்பாக்கி எங்கோ போய்விட்டது. அதன் வயிற்றுக்குள் இருந்த குப்பி மட்டும் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் தங்கி, தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

குப்பி அண்ணனின் தாத்தாவுடையது, அம்மாவின் அப்பா. பால்மரம் வெட்டியவர். அதிகம் பேசாதவர். குப்பி எப்படி வந்தது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. அம்மாவின் கட்சி: 'அப்பா நேதாஜி படையில இருந்தாரு, ஜப்பான் காலத்தில வந்தது.' தாய்மாமாவின் கட்சி: 'அதெல்லாம் இல்ல, அவசரகாலத்தில தோட்டத்துக்குக் காவல் இருந்தாரு, அப்ப வந்தது.' இரண்டில் எது என்பது வெறும் தேதிச் சண்டை இல்லை. ஒன்றில் அவர் வெள்ளைக்காரனுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர். மற்றொன்றில் வெள்ளைக்காரன் கொடுத்த துப்பாக்கியோடு காவல் நின்றவர். அக்காவும் தம்பியும் இதைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டில் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்துவிடுவார்களாம்.

இரண்டுக்கும் இடம் உண்டு என்பதுதான் சிக்கல். 1941 டிசம்பரில் ஜித்ராவில் தோற்றுப் பின்வாங்கிய 11ஆவது இந்தியப் படைப்பிரிவு கெடாவைக் கடந்து நம் செபராங் பிறை வழியாகத்தான் தெற்கே போனது. வழியெல்லாம் ஆயுதம் கிடந்த காலம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷ் ஆயுதங்கள் குவியல் குவியலாக ஜப்பானியர் கைக்குப் போயின. அவற்றிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆயுதம் வந்தது. 1943இல் நேதாஜி வந்த பிறகு தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். பெண்களும் ஜான்சி ராணிப் படையில் அதே 4 கிலோ கனத்தைத் தூக்கிப் பயிற்சி எடுத்தார்கள். பினாங்கிலேயே வழக்கறிஞர் என். ராகவன் பொறுப்பில் சுவராஜ் பயிற்சிக்கூடம் நடந்தது. அங்கிருந்து ரகசியமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுப் பிடிபட்ட வக்கம் அப்துல் காதரை 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். பிறகு 1948இல் அவசரகாலம் பிறந்தது. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர்களைச் சேர்த்தார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், இந்தியர்களும் உண்டு. அவர்கள் கையிலும் திரி நாட் திரி. 1960 ஜூலை 31 வரை அந்தக் காலம் நீடித்தது.

ஒரே குப்பி இந்த எல்லாக் கைகளிலும் இருந்திருக்கலாம்.

பேச்சு இப்படி வளர்ந்துகொண்டே போனதில், பத்து மாவுங் போர் அருங்காட்சியகத்துக்குப் போய் வருவோம் என்றேன். அம்மாவும் வருவதாகச் சொன்னார். எழுபத்தேழு வயது. புக்கிட் தெங்காவிலிருந்து ஜூரு வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, பத்து காவானில் திரும்பினால் இரண்டாவது பாலம். 2014 மார்ச் 1இல் திறந்தது. மொத்த நீளம் 24 கிலோமீட்டர். பாலம் போய் இறங்கும் இடமே பத்து மாவுங்தான். பாலத்தில் பாதி தூரம் வரை அம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தண்ணீர் அவருக்குப் பிடிக்காது.

அது 1930களில் பிரிட்டிஷார் குன்றின்மேல் கட்டிய கோட்டை. கடல் வழியே எதிரி வருவான் என்று கடலைப் பார்த்துப் பீரங்கிக் குழி அமைத்தார்கள். எதிரி தரை வழியாகவும் வான் வழியாகவும் வந்தான். டிசம்பர் 11இல் ஜார்ஜ்டவுன்மேல் குண்டு விழுந்தது. விமானத்தை வேடிக்கை பார்க்க வெளியே வந்து நின்ற சனங்கள் தெருவிலேயே மாண்டார்கள். பிறகு வெள்ளைக்காரர்களை மட்டும் படகேற்றி அனுப்பிவிட்டு ஆட்சி கழன்றுகொண்டது. கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கும் வேலை, 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகை ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்துவின் தலையில் விழுந்தது. டிசம்பர் 19இல் ஜப்பானியர் தீவுக்குள் வந்துவிட்டார்கள். என் தொழிலை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். அவசரத்தில் ஓடியவர்கள் பினாங்கு வானொலி நிலையத்தை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். ஜப்பானியர் அதே நிலையத்திலிருந்து சிங்கப்பூரைக் கேலி செய்து ஒலிபரப்பினார்கள். பீரங்கிகளைப் பற்றி எழுதும் வரலாற்று நூல்களில் இது ஒரு வரியாகக் கடந்து போகும். எனக்கு அந்த ஒரு வரிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

போருக்குப் பின் அந்தக் குன்றைக் காடு மூடியது. பேய்க் குன்று என்று பெயர் வைத்து யாரும் பக்கத்தில் போகவில்லை. 2002இல் தனியார் முயற்சியில்தான் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பளபளப்பு எதுவும் கிடையாது. மழைத்தண்ணீர் வழிந்த கோடு சுவரில் அப்படியே இருக்கிறது. அலங்காரம் குறைவு என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கறுத்த சிமெண்டுதான் பிடித்திருந்தது. அண்ணன் ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்து, "இது மேல்துரு, இது உள்ள போயிடுச்சு" என்று வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா சுரங்கப் படிகளில் இறங்கவில்லை. மேலே நிழலில் உட்கார்ந்து, "அப்பா ராத்திரியில கதவு தட்டுற சத்தம் கேட்டா எழுந்து உட்கார்ந்துக்குவாரு. கடைசி வரைக்கும் அப்படித்தான்" என்றார். எந்தக் காலத்துப் பயம் அது என்று நான் கேட்கவில்லை. இரண்டு காலத்திலும் கதவு தட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் பட்டறையில் குப்பி வேலை தொடங்கியது. முதலில் மூடி. பித்தளைச் சுவர் மெல்லியது. இடுக்கியில் பிடித்தால் நசுங்கிவிடும். அண்ணன் ஒரு மரத்துண்டில் குப்பியின் அளவுக்குத் துளை போட்டு, இரண்டாகப் பிளந்து, அதற்கு நடுவில் குப்பியை வைத்துப் பிடித்தார். மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து மரையில் விட்டு இரண்டு நாள் வைத்தார். பிறகு கொதிநீரில் நனைத்த துணியை மூடிமேல் சுற்றினார். திருகவில்லை. முதலில் மூடுகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு திறக்கிற பக்கம் ஒரு மயிரிழை. மூன்றாம் நாள் மதியம், இயந்திரங்கள் அடங்கிய நேரம் பார்த்து, 'கிர்ர்' என்று ஒரு சின்ன ஓசை. ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு போகாமல் போனேனே என்று இன்னும் மனசு கேட்கவில்லை. கரண்டி உடையாமல் முழுசாக வந்தது. மூடிக்கு அடியில் இருந்த தோல் வளையம் தூளாகிக் கொட்டியது. அண்ணன் பழைய செருப்பின் வாரிலிருந்து புது வளையம் வெட்டினார்.

அடுத்தது களிம்பு. இங்கேதான் அம்மாவுக்கும் எங்களுக்கும் முட்டிக்கொண்டது. புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கிக் கொடுங்கள் என்றார். பட்டறையில் மெருகுச் சக்கரம் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் தங்கம் மாதிரி ஆகிவிடும். ஆனால் அடிப்பக்கத்தில் ஏதோ முத்திரை நிழலாகத் தெரிந்தது. சக்கரத்தில் வைத்தால் களிம்போடு அதுவும் போகும். புளியையும் நீண்ட நேரம் வைத்திருந்தால் அது பித்தளையில் உள்ள துத்தநாகத்தைத் தின்னும். "தாத்தா கைபட்ட அடையாளம் போயிடும்மா" என்று அண்ணன் சொன்ன பிறகுதான் அவர் ஒத்துக்கொண்டார். பிறகு வழவழப்பான மூங்கில் குச்சி, எண்ணெய், பழைய பனியன் துணி. நல்லெண்ணெய் போட்டு ஊறவைத்து, இளகின களிம்பை மட்டும் குச்சியால் வழித்து எடுத்தார். நசுங்கலை நிமிர்த்தவில்லை. நான்கு மாலை பிடித்தது.

அண்ணன் உதிரிபாகங்களைச் சோதிக்கும் பூதக்கண்ணாடியின் கீழே வைத்து, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தோம். அகன்ற தலையோடு அம்புக்குறி தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே நிமிர்ந்த ஒற்றைக் கோடு. அது 'ஐ' எழுத்தா, வெறும் கீறலா? எழுத்தானால் இந்திய ராணுவத்தோடு வந்த குப்பி. அம்மாவின் கதைக்கு ஒரு படி நெருக்கம். அப்போதும் சாட்சி ஆகாது, நெருக்கம் அவ்வளவுதான். நான் எழுத்து என்றேன். அண்ணன் கீறல் என்றார். இன்னும் கொஞ்சம் வழித்தால் தெரிந்துவிடும், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் கோடே போய்விடலாம். அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

மொத்தச் செலவு நல்லெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் சேர்த்துப் பத்து வெள்ளிக்குள். செருப்பு ஏற்கெனவே பிய்ந்ததுதான்.

அம்மா இப்போது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தபோது நெடுநேரம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஐ-தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, எண்ணெய் நிரப்பிக்கொண்டு தையல் இயந்திரத்தின் பக்கம் போனார். அண்ணன் படம் எடுத்துத் தாய்மாமாவுக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. படத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். தீபாவளிக்கு வரும்போது நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறாராம்.